அந்த ஏஜென்ட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். நியூயார்க்கில் லிட்டரரி ஏஜென்ட்டாக இருப்பதாகச் சொல்லி ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். என் எழுத்தை மிகவும் பாராட்டுகிறார். பெரிய பதிப்பகங்களுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், அதற்கு 450 டாலர் ஆகும் என்கிறார். நம்பலாமா? நல்ல ஏஜென்ட்டையும் ஏமாற்றுபவரையும் எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். அவர் சொல்லும் பெயரில் நியூயார்க்கில் உண்மையாகவே ஒரு ஏஜென்ட் இருந்தாலும் அனுப்பாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், அடுத்த மோசடி வேறு வேஷத்தில் வந்தாலும் உங்களால் அடையாளம் காண முடியும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளரிடமிருந்து நேராகக் கைப்பிரதியை வாங்குவதில்லை. நடுவில் ஏஜென்ட் இருக்கிறார். அவர் கைப்பிரதியைப் படித்து, பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு, தேவையான திருத்தங்களைச் சொல்லி, எந்தப் பதிப்பகத்தில் எந்த எடிட்டருக்கு இது பிடிக்கும் என்று பார்த்து அனுப்புகிறார். விலை பேசுகிறார், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து உங்களுக்காக வாதாடுகிறார். இதற்கெல்லாம் அவருக்குக் கிடைப்பது கமிஷன். உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளுக்கும் மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கும் பொதுவாக 20 சதவீதம். பதிப்பகம் உங்களுக்கு 10,000 டாலர் முன்பணம் தந்தால் ஏஜென்ட்டுக்கு 1,500 டாலர். அதுவும் ஒரே தவணையில் வராது. கையெழுத்தாகும்போது கொஞ்சம், இறுதிப் பிரதியைக் கொடுத்ததும் கொஞ்சம், புத்தகம் வெளிவரும்போது மீதி என்று வரும். எந்தப் பதிப்பகமும் புத்தகத்தை வாங்கவில்லை என்றால் அவர் செலவழித்த மாதங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான ஏஜென்ட்டின் சாப்பாடு உங்கள் புத்தகம் விலைபோவதில் இருக்கிறது. அதனால்தான் அவர் வருகிற கைப்பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றை வேண்டாம் என்கிறார். தன்னால் விற்க முடியாததை எடுத்துக்கொண்டால் அவருக்குத்தான் நஷ்டம். ஏமாற்றுகிற ஏஜென்ட்டின் சாப்பாடு எழுத்தாளரின் பையில் இருக்கிறது. ஆளுக்கு 450 டாலர் என்று 200 பேரிடம் வாங்கினால் 90,000 டாலர். ஒரு புத்தகம்கூட விற்க வேண்டியதில்லை, ஒரு எடிட்டரைக்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் யாரையும் நிராகரிக்கவும் மாட்டார், நிராகரித்தால் வருமானம் போய்விடும். ஆகவே ஒரு ஏஜென்ட் உங்களை அணுகும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் டி. மக்டொனால்ட் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விதியாகச் சொல்லி வைத்தார். பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும் என்பது அந்த விதி. 'யாக் விதி' என்று எழுத்தாளர்கள் அதைக் குறிப்பிடுவார்கள்.

நம்மிடம் இந்த விதி சட்டென்று ஏறாது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழில் கைக்காசு போட்டுப் புத்தகம் கொண்டுவருவது பழகிப்போன விஷயம். முதல் கவிதைத் தொகுப்புக்கு அச்சுச் செலவைத் தானே ஏற்றவர்கள், பிரதிகளைத் தானே வாங்கி நண்பர்களுக்குக் கொடுத்தவர்கள் ஏராளம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பல நல்ல புத்தகங்கள் அப்படித்தான் வந்தன. ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலப் பதிப்புலகுக்குப் போகும்போது, யாராவது காசு கேட்டால் 'செலவு இருக்கத்தானே செய்யும்' என்று நம் மனது தானாகவே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. மோசடிக்காரருக்கு அந்தச் சமாதானமே போதும். அச்சுச் செலவைப் பகிர்ந்துகொள்வது ஒரு வியாபாரம். உங்கள் சார்பில் விற்கிறேன் என்று சொல்லிவிட்டு, விற்பதற்கு முன்பே உங்களிடம் வாங்குவது வேறு.

கட்டணத்துக்கு வைக்கிற பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். கைப்பிரதியைப் படித்துப் பார்ப்பதற்கான படிப்புக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், பதிவுக் கட்டணம், மாதாந்திரத் தொகை, இணையதளம் அமைக்க, புத்தகக் கண்காட்சியில் வைக்க, திரைக்கதைச் சுருக்கம் எழுத, பதிப்புரிமை பதிய என்று ஏதாவது ஒன்று. ஒரு காலத்தில் பெயர்பெற்ற ஏஜென்சிகளில் சிலவும் படிப்புக் கட்டணம் வாங்கியது உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கின் ஸ்காட் மெரிடித் ஏஜென்சி அதற்குப் பேர்போனது. ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்க ஏஜென்ட்களின் சங்கம், இப்போது அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கன் லிட்டரரி ஏஜென்ட்ஸ் என்ற பெயரில் இருப்பது, தன் உறுப்பினர்கள் படிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று நடத்தை விதியிலேயே வைத்திருக்கிறது. இன்று படிப்பதற்குக் காசு கேட்பவரிடம் 'பழைய வழக்கம்' என்ற சாக்கும் செல்லாது. சில ஏஜென்சிகள் வெளிநாட்டுக்குப் புத்தகம் அனுப்பிய கூரியர் செலவு மாதிரியான சிறு செலவுகளைக் கழித்துக்கொள்ளும். அது புத்தகம் விற்ற பிறகு, வந்த பணத்திலிருந்து. முன்கூட்டி அல்ல.

நேரடியாகக் கேட்டால் ஆள் உஷாராகிவிடுவார் என்று தெரிந்தவர்கள் இன்னொரு வழியைப் பிடித்தார்கள். 1990-களில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கம் 'எடிட் இங்க்' என்று ஒரு எடிட்டிங் நிறுவனம் இருந்தது. ஏஜென்ட் உங்கள் கைப்பிரதியைப் படித்துவிட்டு, 'அருமையான கதை, ஆனால் மொழியைக் கொஞ்சம் செதுக்க வேண்டும், இந்த நிறுவனத்திடம் கொடுங்கள், அப்புறம் நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதுவார். எழுத்தாளருக்கு அது நியாயமான யோசனையாகத்தான் தெரியும். எழுத்தாளர் கட்டுகிற கட்டணத்தில் ஒரு பங்கு, அனுப்பி வைத்த ஏஜென்ட்டுக்குத் திரும்பிப் போகும் என்பது அவருக்குத் தெரியாது. 1998-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்ட பிறகுதான் இந்த வலை முழுதாக வெளியே வந்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: எடிட்டிங் தேவை என்று ஒரு ஏஜென்ட் சொல்வதில் தவறில்லை, நல்ல ஏஜென்ட் கட்டாயம் சொல்வார். ஆனால் 'இந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் எடுப்பேன்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நல்ல ஏஜென்ட் தன் குறிப்புகளைத் தானே எழுதித் தருவார், காசில்லாமல்.

அதே நியூயார்க் மாநிலத்தில் மார்த்தா ஐவரி என்ற பெண்மணி செய்தது இன்னும் துணிச்சலானது. கெல்லி ஓ'டானல் என்ற புனைபெயரில் ஏஜென்சி நடத்தினார். சொந்தப் பெயரில் பிரஸ்-டீஜ் என்ற பதிப்பகம் நடத்தினார். 'ஏஜென்ட்' கட்டணம் வாங்கிக்கொண்டு கைப்பிரதியை எடுத்துக்கொள்வார். கொஞ்ச நாளில், ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது என்று நல்ல செய்தி சொல்வார். அந்தப் பதிப்பகம் மறுபடி பணம் கேட்கும். இரண்டு பேரும் ஒரே ஆள். எஃப்.பி.ஐ. விசாரித்து, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2006-ல் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை பெற்றார். இந்த மாதிரி வழக்குகளில் எழுத்தாளர்கள் இழந்த பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. அவர்களில் பலர் பணத்தைவிட, தங்கள் புத்தகம் ஏற்கப்பட்டது என்று வீட்டாரிடமும் ஊராரிடமும் சொன்ன பிறகு ஏற்பட்ட தலைக்குனிவைத்தான் தாங்க முடியாமல் தவித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். புகார் கொடுக்கப் பலர் முன்வராததற்கும் அதுவே காரணம்.

'என்னிடம் விற்பனைப் பட்டியல் இருக்கிறது' என்று ஒரு ஏஜென்ட் காட்டினால் அதையும் நின்று பார்க்க வேண்டும். யாருக்கு விற்றார்? எதை அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிற பதிப்பகங்கள் உண்டு. அவற்றுக்கு ஏஜென்ட்டே தேவையில்லை. பப்ளிஷ் அமெரிக்கா என்று ஒரு நிறுவனம் இருந்தது. தரம் பார்த்துத்தான் எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டது. அதைச் சோதிக்க அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, வேண்டுமென்றே படுமோசமாக ஒரு நாவலை எழுதினார்கள். ஒரு அத்தியாயத்தைக் கணினி நிரலை வைத்து, மற்ற அத்தியாயங்களின் சொற்களைக் கலைத்துப்போட்டு உருவாக்கினார்கள். அத்தியாய எண்களே குழம்பிக் கிடந்தன. 2004 டிசம்பரில் அந்த நாவலை வெளியிடத் தயார் என்று பதில் வந்தது! எழுத்தாளர்கள் விஷயத்தை அம்பலப்படுத்திய பிறகு நிறுவனம் பின்வாங்கியது. ஒரு ஏஜென்ட் 'விற்றேன்' என்று காட்டும் புத்தகங்கள் எல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் வந்தவை என்றால், அவர் எதையும் விற்கவில்லை என்றுதான் பொருள். பதிப்பகத்தின் பெயரை ஒரு நல்ல புத்தகக்கடையில் தேடுங்கள். அலமாரியில் அந்தப் பெயர் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

இதுவரை சொன்னது பழைய பாணி. இப்போது உங்களுக்கு வந்திருப்பது புதிய பாணி, இதில்தான் அதிகம் கவனம் வேண்டும்.

இன்றைய மோசடிக்காரர் தனக்கென்று ஒரு ஏஜென்சி தொடங்குவதில்லை. ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்த ஏஜென்ட்டின் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொள்கிறார். நீங்கள் அந்தப் பெயரைத் தேடினால் உண்மையான மனிதர், உண்மையான ஏஜென்சி, அவர் விற்ற உண்மையான புத்தகங்கள் எல்லாம் வரும். சரிபார்த்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடுவீர்கள். ஆனால் உங்களுக்கு எழுதியது அவர் அல்ல. அமெரிக்காவில் சான் டியாகோ நீதிமன்றத்தில் தாக்கலான ஒரு வழக்கு, 2025 தொடக்கத்தில் வெளியே வந்தது. பிலிப்பைன்ஸ் தொடர்புடைய ஒரு கூட்டம், 2017 முதல் 2024 வரை, 800-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடமிருந்து 4 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் பறித்ததாகக் குற்றச்சாட்டு. பெரிய பதிப்பகங்களும் ஹாலிவுட் ஸ்டுடியோக்களும் உங்கள் புத்தகத்தைக் கேட்கின்றன, ஒப்பந்தம் முடிய இந்தக் கட்டணத்தை மட்டும் கட்டிவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாங்கினார்களாம். ஒருமுறை கட்டியவரிடம் அடுத்த காரணம் சொல்லி மறுபடி கேட்பார்கள். ஏற்கெனவே போட்ட பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பில் மனிதர்கள் மேலும் மேலும் போட்டார்கள்.

மின்னஞ்சல் முகவரியைக் கண்ணால் மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. ஃபிலிப்போ பெர்னார்டினி என்பவர் லண்டனில் சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். அவர் 2016 முதல் பல ஆண்டுகள், ஏஜென்ட்களைப் போலவும் எடிட்டர்களைப் போலவும் மின்னஞ்சல் அனுப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிவராத கைப்பிரதிகளைப் பெற்றார். 2022 ஜனவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் கைதாகி, அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் செய்த தந்திரங்களில் ஒன்று: ஆங்கில 'எம்' எழுத்து வரும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப்போட்டு முகவரிகளைப் பதிவு செய்தது. சிறிய எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அனுபவமுள்ள எழுத்தாளர்களும் பதிப்புத் துறையிலேயே ஊறிய பலரும் அதில் ஏமாந்தார்கள். அதனால் வந்த முகவரியை நம்பி அதற்கே பதில் போட்டு 'நீங்கள்தானா?' என்று கேட்பதில் பயனில்லை. ஏஜென்சியின் இணையதளத்தை நீங்களே தேடிப் போய், அங்கே கொடுத்திருக்கும் முகவரிக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். வந்த கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து வருகிற 'நியூயார்க் ஏஜென்ட்' பெரும்பாலும் போலி.

இன்னொன்று, பாராட்டு. முன்பெல்லாம் போலிக் கடிதத்தின் ஆங்கிலம் காட்டிக்கொடுத்துவிடும். புத்தகத்தைப் படிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து, உங்கள் புத்தகத்தின் பின்னட்டை வாசகத்திலிருந்தும் இணையத்தில் நீங்கள் போட்ட மாதிரி அத்தியாயத்திலிருந்தும், பாத்திரங்களின் பெயரோடு, உருகி உருகிப் பாராட்டி எழுதுகிறார்கள். வருடக்கணக்கில் தனியே உட்கார்ந்து எழுதியவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் கண் கலங்கத்தான் செய்யும். அது பலவீனம் இல்லை. படிக்க யாராவது இருக்கிறார்களா என்ற ஏக்கம் எழுதுகிற எல்லோருக்கும் உண்டு, அந்த ஏக்கத்தைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். உண்மையான ஏஜென்ட் அறிமுகமில்லாத எழுத்தாளருக்குத் தானாக எழுதுவது அபூர்வம். எழுதினாலும் அதற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கும். ஒரு பத்திரிகையில் வந்த உங்கள் கதையைப் படித்திருப்பார், நாவல் ஏதும் கையில் இருக்கிறதா என்று நாலு வரியில் கேட்பார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? எனக்குப் பிடித்த வழி செலவே இல்லாதது. நீங்கள் எழுதுகிற வகையில், கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த நாவல்களை எடுத்து நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். ஆங்கில எழுத்தாளர்கள் பெரும்பாலும் அங்கே தங்கள் ஏஜென்ட்டைப் பெயர் சொல்லி நன்றி கூறுவார்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் போதும், ஒரு நல்ல பட்டியல் கையில் கிடைக்கும். இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் உண்மையாகவே புத்தகம் விற்றவர்கள். அதோடு உங்கள் ரசனைக்கு நெருங்கியவர்கள். அப்புறம் அந்தப் பெயர்களை ஏஜென்சி இணையதளங்களில் பார்த்து, அவர்கள் கேட்கிற முறையில், கேட்கிற பக்கங்களை மட்டும் அனுப்புங்கள்.

பெயரைத் தேடுவதற்கு என்றே ஒரு நல்ல இடம் 'ரைட்டர் பிவேர்'. ஏ.சி. கிறிஸ்பின், விக்டோரியா ஸ்ட்ராஸ் என்ற இரண்டு பெண் எழுத்தாளர்கள் 1998-ல் தொடங்கியது, அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் ஆதரவில் நடக்கிறது. கிறிஸ்பின் 2013-ல் காலமானார், ஸ்ட்ராஸ் தொடர்ந்து எழுதிவருகிறார். போலி ஏஜென்ட்களின் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் அப்படியே எடுத்துப்போட்டு, எங்கே பொய் இருக்கிறது என்று காட்டுவார்கள். காசு வாங்காமல் இத்தனை ஆண்டுகளாக இதைச் செய்கிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சந்தேகம் வந்தால் அவர்களுக்கே எழுதியும் கேட்கலாம். ஏஜென்ட்கள் முடித்த வியாபாரங்கள் 'பப்ளிஷர்ஸ் மார்க்கெட்பிளேஸ்' தளத்தில் பதிவாகும், அதற்குச் சந்தா உண்டு. 'குவெரி டிராக்கர்' தளத்தில் எந்த ஏஜென்ட் எத்தனை நாளில் பதில் போடுகிறார் என்பதுகூடத் தெரியும். இங்கிலாந்து என்றால் அசோசியேஷன் ஆஃப் ஆதர்ஸ் ஏஜென்ட்ஸ் என்ற சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். சங்கத்தில் இல்லாததாலேயே ஒருவர் மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். புதிதாகத் தொழிலுக்கு வந்த நேர்மையானவர்களும் இருக்கிறார்கள்.

காசே கேட்காமல் உங்கள் புத்தகத்தைக் கெடுக்கக்கூடிய இன்னொரு வகையும் உண்டு. ஏஜென்ட் ஆவதற்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. பதிப்பகத்திலோ ஏஜென்சியிலோ ஒரு நாள்கூட வேலை செய்யாத ஒருவர், நல்லெண்ணத்தோடு, வீட்டிலிருந்தபடி ஏஜென்சி தொடங்கலாம். எடிட்டர்கள் யாரையும் தெரியாது. உங்கள் கைப்பிரதியை ஐம்பது பேருக்கு ஒரே கடிதமாக அனுப்புவார். ஒரு எடிட்டர் ஒருமுறை வேண்டாம் என்று சொன்ன புத்தகத்தை, பின்னால் வேறொரு நல்ல ஏஜென்ட் அதே எடிட்டரிடம் கொண்டுபோவது கடினம். ஆக இந்தத் திறமையில்லாத நல்லவர், உங்கள் நாவலுக்கு இருந்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டுப் போவார். பலர் இதை ஒரு பெரிய ஆபத்தாகப் பேசுவதில்லை. என் பார்வையில் ஏமாற்றுக்காரரைவிட இவரால் வரும் சேதம் பெரிது. போன பணத்தை உழைத்து மறுபடி சம்பாதித்துவிடலாம், ஒரு நாவலைப் புதுநாவலாக இரண்டாம் முறை அனுப்ப முடியாது. புதிய ஏஜென்ட் என்றால், அவர் யாரிடம் வேலை கற்றார், இப்போது எந்த ஏஜென்சியில் யாருடைய மேற்பார்வையில் இருக்கிறார் என்று பாருங்கள். பெரிய ஏஜென்சியில் உதவியாளராக இருந்து மேலே வந்த இளம் ஏஜென்ட் பல நேரம் மிக நல்ல தேர்வு. அவருக்கு ஆர்வமும் நேரமும் இருக்கும்.

உண்மையான ஏஜென்ட் உங்களை எடுத்துக்கொள்ள விரும்பினால் முதலில் பேச வேண்டும் என்பார். அந்தப் பேச்சில் நீங்களும் கேள்வி கேட்கலாம், கேட்டால் அவருக்குக் கோபம் வராது. சமீபத்தில் என்னென்ன விற்றீர்கள், என் நாவலை யார் யாரிடம் அனுப்ப நினைக்கிறீர்கள், எங்கே மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது, விற்காமல் போனால் அடுத்து என்ன செய்வோம், உங்கள் எழுத்தாளர்கள் ஓரிருவரிடம் நான் பேசலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் கவனியுங்கள். கைப்பிரதி வேறு ஏஜென்ட்களிடமும் இருந்தால், அவர்களுக்குத் தகவல் சொல்ல இரண்டு வாரம் வரை அவகாசம் எடுத்துக்கொள்வது வழக்கம். 'இன்று இரவுக்குள் கையெழுத்துப் போடுங்கள்' என்று அவசரப்படுத்துபவருக்கு வேறு நோக்கம் இருக்கிறது.

ஒப்பந்தம் வந்தால் சில இடங்களில் நின்று படியுங்கள். பதிப்புரிமை எப்போதும் உங்களுடையது, ஏஜென்ட் பெயருக்கு அது மாறவே கூடாது. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும், 30 அல்லது 60 நாள் முன்னறிவிப்பு என்பது சாதாரணம். அவர் விற்ற புத்தகத்தின் கமிஷன், பிரிந்த பிறகும் அவருக்குப் போவது நியாயம். ஆனால் அவர் கைவைக்காத, இனி நீங்கள் எழுதப்போகிற புத்தகங்களுக்கும் பங்கு கேட்கிற வாசகம் இருந்தால் மறுத்துவிடுங்கள். பதிப்பகத்திலிருந்து பணம் வந்து எத்தனை நாளுக்குள் உங்களுக்கு அனுப்புவார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அந்தக் கடைசி விஷயம் ஏன் முக்கியம் என்றால், நல்ல பெயர் எடுத்த இடத்திலும் பணம் வழியில் காணாமல் போகலாம். நியூயார்க்கின் டொனாடியோ அண்ட் ஓல்சன் மரியாதைக்குரிய பழைய ஏஜென்சியாக இருந்தது. சக் பலானியுக் போன்ற புகழ்பெற்ற எழுத்தாளர்களின் ஏஜென்சி அது. அங்கே கணக்குப் பார்த்தவர் பல ஆண்டுகளாக எழுத்தாளர்களுக்குப் போக வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார் என்பது 2018-ல் வெளியானது. தொகை சுமார் 34 லட்சம் டாலர். கணக்காளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பலானியுக், தான் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு வந்துவிட்டதாக வெளிப்படையாகவே எழுதினார். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பதிப்பகம் ஏஜென்ட்டின் 15 சதவீதத்தை அவருக்கும், மீதியை நேராக உங்களுக்கும் தனித்தனியாக அனுப்புமாறு ஒப்பந்தத்தில் கேட்கலாம். எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் கேட்பதில் தப்பில்லை. எப்படியிருந்தாலும் பதிப்பகத்தின் அசல் ராயல்டி அறிக்கையின் பிரதியை ஒவ்வொரு முறையும் வாங்கி, வந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் இந்தியாவிலிருந்து எழுதுவதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே ஆங்கிலத்தில் வெளியிட ஏஜென்ட் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்தாளரிடமிருந்து நேரடியாகக் கைப்பிரதி பெறும் பதிப்பகங்கள் இருக்கின்றன, அவற்றின் இணையதளத்தில் விதிமுறை இருக்கும். தமிழ்ப் பதிப்புலகில் ஏஜென்ட் என்ற ஆளே பெரும்பாலும் கிடையாது, எழுத்தாளரும் பதிப்பாளரும் நேராகவே பேசிக்கொள்கிறார்கள். ஆகவே தமிழ் நாவலை 'உலக மொழிகளுக்கு விற்றுத் தருகிறேன், மொழிபெயர்ப்புச் செலவை மட்டும் முதலில் கொடுங்கள்' என்று யாராவது வந்தால், மேலே சொன்ன அதே கேள்வியைக் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால்: மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், மின்னஞ்சல்களையும் ரசீதுகளையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கிக்கு எழுதி அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுங்கள். இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அமெரிக்க நிறுவனம் என்றால் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் பதியலாம். சில வாரங்கள் கழித்து 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று ஒரு வக்கீல் நிறுவனத்தின் பெயரில் அழைப்பு வரும். ஏமாந்தவர்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொண்டு வருகிற ஆட்கள் அவர்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதீர்கள். அதில் சொல்லியிருக்கும் ஏஜென்சியின் இணையதளத்தை நீங்களாகத் தேடி, அங்குள்ள முகவரிக்கு இந்தக் கடிதத்தின் பிரதியை இணைத்து, 'இது உங்களிடமிருந்து வந்ததா?' என்று இரண்டு வரி எழுதுங்கள். தங்கள் பெயரில் யார் உலவுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களும் விரும்புவார்கள். நாவல் முடிந்திருக்கிறது என்கிறீர்கள், அது பெரிய காரியம். அந்த 450 டாலரில் கொஞ்சம் எடுத்து, உங்கள் வகையில் சமீபத்தில் வந்த நாவல்கள் பத்து வாங்குங்கள், நன்றியுரைப் பக்கங்களிலிருந்து ஏஜென்ட் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் அனுப்பிவிட்டுப் பதில்களைப் பாருங்கள். ஒருவர்கூட முழுக் கைப்பிரதியைக் கேட்கவில்லை என்றால் நீங்கள் அனுப்பிய அறிமுகக் கடிதத்தையும் முதல் அத்தியாயத்தையும் திருத்திவிட்டு அடுத்தவர்களுக்கு அனுப்புங்கள்.